கௌபி மணிக்குள் இரும்பு ஏற்றுவது எப்படி

மட்டக்களப்பில் ஆயித்தியமலைப் பக்கத்தில் கௌபியும் (தட்டைப்பயறு) பயறும் செய்யும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அக்கா, கிளினிக்கில் இரத்தம் குறைவு என்கிறார்கள். இரும்புச்சத்து உள்ளதைச் சாப்பிடச் சொல்கிறார்கள். நாங்கள் விளைவிக்கிற கௌபியிலேயே அதைக் கூட்ட முடியாதா?"

முடியும். விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு, உன்னிச்சைக் குளத்துக்குக் கிழக்கே உள்ள என் மேட்டு நிலத்தில் கௌபி, பயறு, கச்சான் (நிலக்கடலை) மூன்றும் செய்கிறேன். இரும்பு தெளிக்காமல் நான் கௌபி அறுப்பதில்லை. என்றாலும், எவ்வளவு கூடும், எங்கே கூடாது, காசை எதில் செலவிடக் கூடாது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இதில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் விற்கும் ஒவ்வொரு போத்தலும் அவசியமானதாகத் தோன்றும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த கௌபி, பயறு, உழுந்து எதை எடுத்தாலும் 100 கிராமில் ஏறக்குறைய 6 முதல் 8 மில்லிகிராம் இரும்பு இருக்கும். தீட்டிய வெள்ளை அரிசியில் அது 1 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆகவே எந்த உரமும் போடாத கௌபியே சோற்றைவிடப் பல மடங்கு இரும்பு தரும். தெளிப்பு உரத்தால் ஆராய்ச்சி நிலங்களில் கிடைத்த கூடுதல், பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். எதுவும் கூடாத நிலங்களும் உண்டு. துத்தநாகம், செலனியம் போன்றவை உரமாகப் போட்டால் மணிக்குள் எளிதாக ஏறும். பின்லாந்து 1984 இல் உரத்தோடு செலனியத்தைச் சேர்க்க முடிவெடுத்து, நாடு முழுவதன் உணவிலும் அதைக் கூட்டிக் காட்டியது. இரும்பு அப்படி இலகுவில் இணங்காது. அதனால்தான் ருவாண்டா போன்ற நாடுகளில் உரத்தை நம்பாமல், இயல்பிலேயே இரும்பு கூடிய அவரை இனங்களை இனவிருத்தி செய்து விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றை உண்ட பெண்களின் இரத்தத்தில் முன்னேற்றம் இருந்தது என்பதும் ஆராய்ந்து நிறுவப்பட்டது. இந்தியாவின் பந்த்நகரிலும் இரும்பு கூடிய கௌபி இனங்கள் உருவாக்கப்பட்டன. நம் கையில் இருப்பது வருணி, தவள, பொம்பே, எம்.ஐ. 35 போன்றவை. இருப்பதை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மண்ணில் இரும்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

நம் மண்ணில் இரும்பு நிறைய இருக்கிறது. மாரியில் வயலுக்குப் பக்கத்து வடிகாலில் தேங்கிய தண்ணீரின் மேல் துரு நிறத்தில் மினுங்கும் படலத்தைப் பாருங்கள். அது இரும்பு. தண்ணீர் தேங்கி மண்ணுக்குக் காற்றுப் போகாதபோது இரும்பு கரையும். தண்ணீர் வடிந்து காற்றுப்பட்டவுடன் அது மறுபடியும் துருவாகிக் கெட்டிப்படும். துருவை வேரால் எடுக்க முடியாது. பழைய ஆணிகளைத் தண்ணீரில் ஊறவைத்துச் செடிக்கு ஊற்றுகிறவர்களை மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் கண்டிருக்கிறேன். அந்தச் செம்மண்டி ஏற்கெனவே மண்ணில் கிடக்கும் துருவோடு இன்னும் கொஞ்சத் துருவைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அதற்குச் செலவிடும் நேரத்தில் களை பிடுங்கலாம்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது, மண் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். பெறுமானம். அது ஒரு படி ஏறினால் மண்ணீரில் கரைந்திருக்கும் மூவலு இரும்பு (துருவில் உள்ள இரும்பின் வடிவம்) ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கௌபியும் பயறும் இதற்குத் தாங்களே ஒரு வழி வைத்திருக்கின்றன. வேரைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டு, இறுகிக் கிடக்கும் இரும்பை இளக்கி, வடிவம் மாற்றி, உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மண்ணிலோ கிணற்றுத் தண்ணீரிலோ சுண்ணாம்பும் பைகாபனேற்றும் கூடுதலாக இருந்தால், செடி கசியவிடும் அமிலம் அப்படியே அழிந்துபோகும்.

படுவான்கரை மண் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது, சில இடங்களில் சற்று அமிலம். அங்கே இலையில் இரும்புக் குறை தெரிவது அரிது. எழுவான்கரை மணல் வேறு கதை. தேற்றாத்தீவில் என் தங்கையின் வளவு மணலில் சிப்பியும் சோகியும் கலந்து கிடக்கும். வருடக்கணக்காக அடுப்புச் சாம்பலையும் அந்த வளவிலேயே கொட்டி வந்தார்கள். அங்கே பயற்றைக் கொடி போட்டால் குருத்து வெளிறும். அம்பாறைப் பக்கம் தம்பிலுவில், திருக்கோவில் கரையோர மணலிலும் சிப்பித் துண்டுகள் கலந்த வளவுகளில் இதே தொல்லைதான். சாம்பலில் பொட்டாசியம் இருப்பது உண்மை. ஆனால் அது மண்ணின் காரத்தைக் கூட்டும். இரும்பு வேண்டிய பாத்தியில் சாம்பல் கொட்டாதீர்கள். தென்னைக்குப் போடுங்கள், அது தாங்கும்.

பி.எச். பார்ப்பதற்கு ஒரு மாதிரி மண்ணை எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் உங்கள் போதனாசிரியரைக் கேளுங்கள். ஒரே இடத்து மண் போதாது. நிலத்தில் பல இடங்களில் ஓர் அடிக்குள் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி ஒரு கிலோ கொண்டுபோங்கள்.

எல்லா மஞ்சளும் இரும்புக் குறை அல்ல

இலை மஞ்சளானால் உடனே யூரியா வாங்க ஓடுகிறார்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கீழே உள்ள முதிர்ந்த இலை முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைவெளி மஞ்சளானால் மக்னீசியத்தைச் சந்தேகியுங்கள். மேலே உள்ள புதிய குருத்திலையில் நரம்பு மட்டும் மெல்லிய பச்சைக் கோடுகளாக நிற்க, இடைவெளி முழுவதும் மஞ்சளாகி, கடுமையானால் வெண்மையாகவும் மாறினால் அதுதான் இரும்புக் குறை. செடி பழைய இலையில் இருக்கும் இரும்பை எடுத்துப் புதிய இலைக்குக் கொடுப்பது மிகக் குறைவு. அதனால்தான் இளசு முதலில் வெளிறுகிறது.

பயறிலும் உழுந்திலும் இன்னொன்று வரும். நரம்பைப் பொருட்படுத்தாமல் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் இலை முழுவதும் சிதறிக் கிடந்தால் அது மஞ்சள் சித்திரவடிவ வைரசு. வெள்ளை ஈ பரப்புவது. அதற்கு இரும்பு தெளித்துப் பயனில்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. அரை லீற்றர் தண்ணீரில் இரண்டரை கிராம் பெரஸ் சல்பேற்று என்ற இரும்பு உப்பைக் கரைத்து, மஞ்சளான குருத்திலையின் ஒரு பாதியில் மட்டும் பஞ்சால் தடவுங்கள். அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டுங்கள். ஐந்தாறு நாளில் தடவிய பாதி பச்சை பிடித்தால் இரும்புதான் குறை. பிடிக்காவிட்டால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

வேரையும் ஒருமுறை பாருங்கள். பூக்கும் தறுவாயில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளின் நிறம். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான பொருள் அது, அதன் நடுவிலும் இரும்புதான் உட்கார்ந்திருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பிளந்து காட்டும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். முடிச்சு உள்ளே பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அது ஓய்ந்துவிட்டது. இரும்பு இல்லாமல் அவரைக் குடும்பப் பயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்க முடியாது. எனவே இரும்பு கொடுப்பது உண்பவருக்கு மட்டுமல்ல, விளைச்சலுக்கும் உதவும்.

அடியுரம்

பெரஸ் சல்பேற்றை நேரடியாக மண்ணில் தூவுவது காசைத் தூவுவதற்குச் சமம். காரமான மண்ணில் சில நாட்களிலேயே அது துருவாகிவிடும். எருவோடு சேர்த்துப் புழுங்கவைத்தால் அந்த நட்டம் குறையும். எருவில் உள்ள மக்கிய பொருட்கள் இரும்பைப் பிடித்து வைத்து, வேருக்கு மெல்ல விடும்.

ஓர் ஏக்கருக்கு 10 கிலோ பெரஸ் சல்பேற்று, 100 கிலோ நன்றாக மக்கிய மாட்டெரு. பச்சைச் சாணம் கூடாது. மரநிழலில் தறப்பாள் விரித்து, எருவைப் பரப்பி, உப்பைத் தூவிக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், தண்ணீர் சொட்டாது என்ற ஈரத்துக்குத் தண்ணீர் தெளியுங்கள். குவியலாக்கி ஓலையால் மூடுங்கள். ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும். வாரம் ஒருமுறை புரட்டி, காய்ந்திருந்தால் ஈரம் காட்டுங்கள். விதைப்பதற்கு முன் வரிசைகளில் போட்டு மண்ணால் மூடுங்கள். தைமாத நெல் வேளாண்மை வெட்டிய பிறகு மாசி, பங்குனியில் எஞ்சிய ஈரத்தில் பயறு போடுகிறவர்கள், கதிர் முற்றும்போதே இந்தக் குவியலை வைத்துவிட்டால் நேரம் சரியாக வரும்.

வயல் நிலத்தில் பயறு போடுகிறவர்களுக்கு இதோடு வடிகாலும் முக்கியம். தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத்திணறிச் செடி மஞ்சளாகும். வரம்போரம் ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள்.

ரி.எஸ்.பி. என்ற பொசுபரசு உர விடயத்தில் நான் கண்டிப்பானவள். விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கும் அளவுக்கு மேல் ஒரு பிடிகூடப் போடாதீர்கள். பொசுபரசு கூடினால் இரும்பைக் கட்டிப்போடும். அதோடு நிற்காமல், மணிக்குள் பைற்றிக் அமிலம் என்ற பொருளாகச் சேரும். அந்தப் பைற்றிக் அமிலம்தான் நம் குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் முதல் எதிரி. ஒரு பக்கம் இரும்பை ஏற்றிவிட்டு மறுபக்கம் அதைப் பூட்டி வைப்பதில் என்ன பயன்? 2021 இல் இரசாயன உரத் தடை வந்து, அந்த ஆண்டு கார்த்திகையில் நீக்கப்பட்ட பிறகு, உரம் கிடைத்தவுடன் அள்ளிப்போடும் பழக்கம் சிலரிடம் வந்தது. பயம் காரணமாக வந்த பழக்கம், புரிகிறது. அவரைப் பயிர்களுக்கு அது வேண்டாம்.

கச்சான் செய்பவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. சீன விஞ்ஞானிகள், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கச்சானைத் தனியே போட்டபோது இலை வெளிறியதையும், சோளத்தோடு அடுத்தடுத்த வரிசையாகப் போட்டபோது அது பசுமையாக நின்றதையும் கண்டார்கள். புல்லினப் பயிர்களின் வேர் இரும்பைப் பற்றிப் பிடிக்கும் ஒரு சாற்றைக் கசியவிடுகிறது. பக்கத்துக் கச்சான் வேரும் அதன் பலனை எடுத்துக்கொள்கிறது. நம் சேனைகளில் சோளமும் கச்சானும் கலந்து போட்ட பழக்கம் பழையது. கரையோர மணலில் கச்சான் போடுகிறவர்கள் சோளத்தை விட்டுவிடாதீர்கள்.

தெளிப்பு

மணிக்குள் இரும்பை ஏற்ற நம்மிடம் இருக்கும் நேரான வழி இலைவழித் தெளிப்பு. கவனமாக வாசியுங்கள்.

வாங்கும்போது பெரஸ் சல்பேற்று வெளிர் பச்சைப் பளிங்காக இருக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கும் அதே உப்புத்தான் இது. மஞ்சளும் பழுப்புமாகப் பூத்துப் போயிருந்தால் பாதி துருவாகிவிட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள். நல்ல உப்பில் ஐந்தில் ஒரு பங்கு இரும்பு. அதோடு சித்திரிக் அமிலம் வாங்குங்கள். கேக் செய்யும் சாமான் கடைகளில் கிடைக்கும்.

16 லீற்றர் தெளிகருவி ஒன்றுக்கு: சித்திரிக் அமிலம் 16 கிராம், பெரஸ் சல்பேற்று 80 கிராம், யூரியா 80 கிராம். சமையல் தராசு ஒன்று வைத்து நிறுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு.

கரைக்கும் வரிசை மாறக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து, முதலில் சித்திரிக் அமிலத்தைக் கரையுங்கள். அது தண்ணீரில் உள்ள காரத்தை அடக்கும், இரும்பையும் துருவாக விடாமல் பிடித்து வைக்கும். பிறகு பெரஸ் சல்பேற்று. கடைசியாக யூரியா. யூரியா இலைக்குள் இரும்பு நுழைய உதவுகிறது. மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் அதுதான் மிக நல்லது. கிணற்றுத் தண்ணீரில் இரும்பு உப்பை நேரே போட்டால் சில கிணறுகளில் கண்முன்னே பழுப்பாகக் கலங்கும். கலங்கிய கரைசலை இலையில் அடித்துப் பயனில்லை. மெல்லிய துணியால் வடித்துத் தெளிகருவியில் ஊற்றி, கரைத்த அன்றே அடித்து முடியுங்கள். ஒட்டுத் திரவம் சேர்ப்பதானால் விவசாயக் கடையில் விற்பதைச் சேர்க்கலாம். சவர்க்காரத் தூள் காரம் கூடியது, இரும்பைத் திரிய வைக்கும்.

வயலில் களைநாசினி அடித்த தெளிகருவியைக் கொண்டுவந்து கௌபிக்கு அடிக்காதீர்கள். அகன்ற இலைக் களைக்கு நெல்லில் அடிக்கும் எம்.சி.பி.ஏ. கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் அவரைக் குடும்பப் பயிர்கள் முறுகிச் சுருண்டுவிடும். முடிந்தால் சத்துத் தெளிப்புக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாதர் சங்கத்தில் பணம் சேர்த்து அப்படி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.

எப்போது அடிப்பது என்பதில்தான் பலன் முழுவதும் தங்கியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கருக்குப் பத்துத் தெளிகருவி என்றால் 800 கிராம் உப்பு, அதில் 160 கிராம் இரும்பு. அந்த ஏக்கரில் 500 கிலோ கௌபி கிடைத்தால், அவ்வளவு மணிக்குள்ளும் சேர்ந்து இருக்கும் இரும்பு ஏறக்குறைய 35 கிராம்தான். அதைக் கால்வாசி கூட்டினாலும் மேலதிகமாக மணிக்குள் போவது 9 கிராம். நாம் அடிப்பதில் மிகச் சிறிய பங்கே மணியைச் சேர்கிறது. மிச்சம் இலையில் தங்கிவிடும். இலையிலிருந்து மணிக்கு இரும்பு நகர்வது கடினம் என்பதால், செடி மணிக்குச் சத்து அனுப்பிக்கொண்டிருக்கும் நாட்களில் அது இலையில் புதிதாகக் கிடைக்க வேண்டும். இளம் செடிக்கு அடித்தால் இலை பச்சையாகும், மணிக்கு அவ்வளவாகப் போகாது.

ஆகவே மூன்று தெளிப்பு. முதலாவது பூமொட்டு தெரியத் தொடங்கும்போது. கௌபியில் விதைத்து ஐந்தாம் வாரத்தை ஒட்டி வரும். இரண்டாவது பிஞ்சு விரல் நீளம் ஆனவுடன். மூன்றாவது அதற்குப் பத்து நாள் கழித்து, மணி திரளும்போது. கையில் காசு குறைவென்றால் முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் செய்யுங்கள். குருத்து ஏற்கெனவே வெளிறிய கரையோர நிலத்தில் மட்டும் முதலாவதை விடக் கூடாது.

மாலை நான்கு மணிக்குப் பிறகு அடியுங்கள். கௌபிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும், தேனீக்கள் வந்து போயிருக்கும். வெயில் தணிந்திருப்பதால் கரைசல் இலையில் அதிக நேரம் ஈரமாக நிற்கும், இலை கருகவும் மாட்டாது. இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். சொட்டச் சொட்ட ஊற்ற வேண்டியதில்லை. வாடி நிற்கும் செடிக்கு அடிக்காதீர்கள். முன்தினம் தண்ணீர் பாய்ச்சுங்கள். சோழகக் காற்று பலமாக வீசும் மாலைகளில் பாதி மருந்து பக்கத்து வளவுக்குத்தான் போகும், காத்திருங்கள்.

முதன்முறை செய்கிறவர்கள் நாலைந்து செடிக்கு அடித்து இரண்டு நாள் பாருங்கள். இலை நுனி கருகினால் அளவைப் பாதியாக்குங்கள். செம்புக் கலவை, சுண்ணாம்பு, பொசுபரசு உரம், பூச்சிமருந்து எதையும் இதோடு ஒரே தெளிகருவியில் கலக்க வேண்டாம். முடிந்தபின் தெளிகருவியை மூன்று தண்ணீரில் கழுவுங்கள், பித்தளைப் பாகங்களை இந்த உப்பு அரிக்கும். உடுப்பில் பட்டால் கறை போகாது.

மீதி உப்பைப் பூட்டி வையுங்கள். இரும்பு உப்பு சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் உயிராபத்து. விவசாயத்துக்கு வாங்கியதை அன்னபேதிதானே என்று யாரும் மருந்தாகக் குடிக்கவும் கூடாது. சித்த வைத்தியர் அதைச் சுத்தி செய்து செந்தூரமாக்கித்தான் கொடுக்கிறார்.

செலேற்று இரும்பு, அதாவது துருவாகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்து விற்கும் இரும்பு, வாங்கலாமா என்று கேட்பார்கள். ஈ.டி.ரி.ஏ. வகை இலைவழித் தெளிப்புக்கு நல்லது, லீற்றருக்கு 1 கிராம் போதும். ஆனால் பி.எச். ஆறரைக்கு மேற்பட்ட மண்ணில் போட்டால் அது நிலைக்காது. காரமான மண்ணில் வேருக்குக் கொடுப்பதற்கு ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் நிற்கும். கருஞ்சிவப்புத் தூள், விலை கூடியது. வீட்டுத்தோட்டத்தில் பத்துப் பதினைந்து பயற்றைக் கொடிக்கு அது கட்டுப்படியாகலாம். ஏக்கர் கணக்கில் கௌபி செய்பவர் பெரஸ் சல்பேற்றோடு நிற்பதே என் ஆலோசனை.

அடுப்படியில் செய்ய வேண்டியது

உரத்தைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டால் பாதி வேலைதான். மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணின் உடலுக்குள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம் இரும்பு உறிஞ்சப்பட வேண்டும். 50 கிராம் கௌபியை அவித்துச் சாப்பிட்டால் மூன்றரை மில்லிகிராம் இரும்பு கிடைக்கும். அதில் நூற்றுக்கு ஐந்து மட்டும் உறிஞ்சப்பட்டால் உடலைச் சேர்வது ஒரு மில்லிகிராமில் ஆறில் ஒரு பங்கு. வயலில் கால்வாசி கூட்டினால் அதுவும் கால்வாசி கூடும். ஆனால் அதே தட்டோடு ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டால் உறிஞ்சப்படுவது இரண்டு மடங்குக்கு மேலாகலாம், விற்றமின் சி அந்த வேலையைச் செய்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்கிறவருக்கே முழுப் பலன்.

கௌபியை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். பைற்றிக் அமிலம் ஓரளவு குறையும். பயறை ஊறவைத்துத் துணியில் கட்டி முளைகட்டவைத்தால் இன்னும் குறையும். தேசிக்காய்ச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதியில் விற்றமின் சி அழியும். தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும் வைத்துச் சாப்பிடும் காலைக் கௌபிக்கு அந்தச் சம்பலிலேயே தாராளமாகத் தேசிக்காய் விடலாம். மத்தியானத்துக்குக் கௌபிக் கறி வைத்தால் கூட மீனும் இருக்கட்டும். மீனும் இறைச்சியும் அவரையில் உள்ள இரும்பையும் சேர்த்து உடலுக்குள் இழுத்துக்கொள்ளும். வாவி மீன் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைத் தவறவிட வேண்டாம்.

தேநீர் விடயம் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. ஆனாலும் சொல்கிறேன். சாப்பாட்டோடும் சாப்பிட்ட உடனேயும் குடிக்கும் தேநீர், இரும்பு உறிஞ்சப்படுவதைப் பாதிக்கும் கீழே தள்ளிவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிப் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் இதை ஒரு விதியாகவே வையுங்கள்.

இந்தக் கௌபி, கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் தரும் இரும்பு மாத்திரைக்கும் திரிபோஷச் சத்துமாவுக்கும் பதிலாகாது. கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் மாத்திரையைத் தவறாமல் எடுக்க வேண்டும். இரத்தக் குறைவு எல்லாமே இரும்புக் குறைவும் அல்ல. நம் நாட்டில், பரம்பரையாக வரும் தலசீமியா என்ற இரத்தக் கோளாறின் கூறு உள்ளவர்கள் பலர். மாத்திரை எடுத்தும் இரத்தம் ஏறாவிட்டால் வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

கூடியதா என்று பார்க்க

தெளித்த நிலத்தின் நடுவே சில வரிசைகளுக்கு இரும்பு தெளிக்காமல் விடுங்கள். அந்த வரிசைகளுக்கு அதே நேரத்தில் யூரியாவும் சித்திரிக் அமிலமும் மட்டும் கலந்த தண்ணீரை அடியுங்கள். அப்போதுதான் வித்தியாசம் இரும்பால் வந்தது என்று சொல்ல முடியும். மணியில் இரும்பை அளக்க ஆய்வுகூடம் வேண்டும். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு விவசாய பீடம் ஒன்று இருக்கிறது. மாணவர் ஆய்வுக்கு இப்படி ஒரு நிலம் தேவைப்படுமா என்று சங்கத்தின் பெயரில் கேட்டுப் பார்க்கலாம்.

மாதிரி எடுப்பதில் மண்தூசு பெரிய கேடு. மண்ணில் உள்ள இரும்பு, மணியில் உள்ளதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. களத்தில் போட்டு அடித்த கௌபியில் ஒட்டிய தூசே ஆய்வின் கணக்கைக் குழப்பிவிடும். நிலத்தில் படாமல் செடியிலிருந்தே முற்றிய காய்களைக் கையால் பறித்து, சுத்தமான துணியில் உலர்த்தி, கையாலேயே உரித்து எடுங்கள். இரும்பு ஆலையில் அரைக்க வேண்டாம், மணியாகவே கொடுங்கள். தெளித்தது, தெளிக்காதது என்று இரண்டு பொலித்தீன் பைகளில் அரைக் கிலோ வீதம் போட்டு, விதைத்த திகதி, தெளித்த திகதிகள், இனத்தின் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதிய தாளை உள்ளே வையுங்கள்.